நான்காம் அலைவரிசை

பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தக் கண்ணாடிக் கூண்டில்
அடுத்தவர் வாய்க்கு நாக்காக இருக்கிறேன்.
இன்று படகைப் பற்றிய கேள்வி.
பக்கத்துக் கூண்டில் ரொஸ்னானி மலாயில் தொடங்கிவிட்டாள்,
உதடு அசைவது மட்டும் தெரிகிறது.
இருமல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு
ஒரு மிடறு வெந்நீர் குடித்தேன்.

எதிர்வரிசை உறுப்பினர் தாள் இல்லாமல் எழுந்தார்.
நூற்று நாற்பது பேர். கைப்பிள்ளை ஆறு.
கிழக்கே, துறைமுக எல்லைக்கு வெளியே, எட்டாம் நாள்.
தண்ணீர் கொடுத்தது யார்,
திரும்பிப் போ என்றது யார்,
உத்தரவில் இருப்பது யார் கையெழுத்து?

பதில் மூன்று இருக்கைகளிலிருந்து வந்தது.
கடலோரக் காவல் ஓர் அமைச்சின் கீழ்.
மிதப்பவர்கள் எந்த நாட்டார் என்பது
இன்னொன்றின் கீழ்.
கரையேறினால் வேலை செய்யலாமா என்பது மூன்றாவதன் பொறுப்பு;
கரையேறாததால் அந்தக் கேள்வி எழவில்லை, நாயகர் அவர்களே.
கலந்தாலோசித்து முடிவு எடுக்கப்பட்டுள்ளது, என்றேன்.
எடுக்கப்பட்டுள்ளது.
என் வாயில் வந்த வினைமுற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
எடுத்தவர் அதில் எங்குமில்லை.

ஆங்கிலத்தில் 'முடியாது' வாசலிலேயே நிற்கும்.
தமிழில் அது கடைசியாக வரும் ஆள்.
அதனால் என் வாக்கியத்தில்
அவர்களுக்கு உணவு, மருந்து, தற்காலிகக் கூடாரம்,
முப்பது நாள் அனுமதி எல்லாம் வந்து,
படகைத் தளத்தில் கயிறு போட்டுக் கட்டி,
யாரோ ஒருத்தி பலகையில் கால் வைத்த பிறகுதான்
வழங்க இயலாது.
இரண்டரை விநாடி இருக்கும்.
அவ்வளவு நேரம் அவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள்.

அப்புறம்தான் அந்தச் சின்னச் சொல்.
பின்வரிசைக்காரர், நல்ல மனிதர்,
மின்தூக்கியில் என் பெயர் சொல்லி வணக்கம் வைப்பவர்.
தீவு சிறியது என்றார். உள்ளே யார் வரலாம் என்பதை
வீ, என்றார், வீதான் முடிவு செய்ய வேண்டும்.

அவருக்கு ஒரே சொல். எனக்கு இரண்டு கதவு.
நாம் என்றால் கேட்பவரும் உள்ளே.
நாங்கள் என்றால் அவர் வெளியே.
எங்கள் சொற்பட்டியல் நாம் என்கிறது.
எழுவாயை விழுங்கிவிட்டும் சொல்லலாம்,
'முடிவு செய்ய வேண்டும்', அவ்வளவுதான்;
பாதி நாள் அப்படித்தான் தப்பித்திருக்கிறேன்.

மேலே பார்வையாளர் மாடத்தில்
பள்ளிப் பிள்ளைகள் இரண்டு வரிசை, கொட்டாவி.
ஓரத்தில் ஒருவர், கம்பெனிச் சட்டை,
கழுத்தில் வேலை அனுமதி அட்டை.
காதுக்கருவியை விரலால் அழுத்திக் கேட்கிறார்.
நான்காம் அலைவரிசையில் இன்று அவர் ஒருவர்தான்.

வீட்டில் மரகதவல்லி இருக்கிறாள்.
மோல்மேனில் பிறந்தவள், சந்தைக்குப் போனால்
இன்னும் பர்மியத்தில்தான் சில்லறை எண்ணுவாள்.
வருகை அட்டை இருபத்தொன்றாம் தேதி வரை.
மூன்றாவது மேல்முறையீடு 'பரிசீலனையில்' உள்ளது.
அந்தச் சொல்லையும் பட்டியலில் சேர்த்தவன் நான்.

ஒரு விநாடி பிந்தினேன். மன்றம் அடுத்த வரிக்குப் போய்விட்டது.
"நாங்கள்" என்றேன்.
உள்ளே யார் வரலாம் என்பதை
நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாடத்திலிருந்தவர் நிமிர்ந்தார்.
பேசிக்கொண்டிருந்தவரைப் பார்க்கவில்லை,
என் கண்ணாடியைப் பார்த்தார்.
கருவியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டார்.
கோபமா, தெரியவில்லை.
சரியாகத்தான் கேட்டோமா என்று பார்த்தாரோ.

மாலையில் மேலாளர் அன்னபாக்கியம்
ஒரு தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
பன்னிரண்டு பதினான்கு: நாங்கள் அல்ல, நாம்.
பதிவேட்டில் திருத்தப்படும்.
கீழே பெயர், தேதி, மொழிபெயர்ப்பாளர் ஒப்பம்.

காலையிலிருந்து அந்தக் கட்டடத்தில்
யார் கையெழுத்து என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
பேனாவைத் தேடி எடுத்து
என்னுடையதைப் போட்டேன்.